பக்க வார்ப்புரு: பூட்டுவதும் திறப்பதும்

300 பக்கங்கள் கொண்ட ஒரு கல்லூரி இணையதளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் கல்லூரியின் பெயரும் இலச்சினையும் இருக்கும். அதற்குக் கீழே மெனு. பக்கத்தின் அடியில் முகவரி, தொலைபேசி எண், பதிப்புரிமை வரி. நடுவில் உள்ள செய்தி மட்டுமே பக்கத்துக்குப் பக்கம் வேறுபடும்: ஒன்றில் வேதியியல் துறை, இன்னொன்றில் நூலக நேரம், மற்றொன்றில் விடுதிக் கட்டணம். மாறாத பகுதியை ஒரே கோப்பில் ஒருமுறை எழுதி வைத்து, மாறும் பகுதிக்கு அதில் இடம் குறித்துவிடுவதே பக்க வார்ப்புரு. தொழிலில் இருப்பவர்கள் டெம்ப்ளேட் என்றே சொல்கிறார்கள். கல்லூரியின் தொலைபேசி எண் மாறினால் 300 பக்கங்களையும் திறந்து திருத்த வேண்டியதில்லை. வார்ப்புருவில் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

இந்த வசதியைப் பற்றிப் பேசுவோர் மிச்சமாகும் நேரத்தையே முதலில் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் வார்ப்புரு வேலையில் அறிவும் அனுபவமும் தேவைப்படும் இடம் வேறு. எந்தப் பகுதியைப் பூட்டுவது, எதைத் திறந்துவிடுவது என்ற முடிவே அந்த இடம். இரண்டுக்கும் இடையிலான கோடு சரியான இடத்தில் விழுந்த தளம், அதை உருவாக்கியவர் வேறு வேலைக்குப் போன பிறகும் ஒழுங்காக நடக்கும். தவறான இடத்தில் விழுந்தால் பக்கம் எழுதுவோர் வார்ப்புருவை உடைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். பிறகு வார்ப்புரு இருந்தும் இல்லாததுதான்.

அச்சுத் தொழிலிலிருந்து வலைக்கு வந்தவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. 1985இல் வெளிவந்த ஆல்டஸ் பேஜ்மேக்கரும் அதன் வழியில் வந்த மென்பொருள்களும் மாஸ்டர் பேஜ் என்பதை டி.டி.பி. கடைகளின் அன்றாடச் சொல்லாக்கின. பத்திரிகையின் பெயர், பக்க எண், ஓரக்கோடு ஆகியவற்றை மாஸ்டர் பக்கத்தில் வைத்தால் எல்லாப் பக்கங்களிலும் அவை தாமே வந்துவிடும். வலைப்பக்கத்தில் அந்த வசதி இயல்பாக இல்லை. ஹெச்.டி.எம்.எல். பக்கம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பு. பொதுவான மெனுவை வேறொரு கோப்பிலிருந்து எடுத்துத் தன்னுள் ஒட்டிக்கொள்ள அந்த மொழியில் நேரடி வழி கிடையாது. ஆகவே தொடக்கத்தில் பழைய பக்கத்தை நகலெடுத்து, நடுப்பகுதியை அழித்து, புதிய செய்தியை எழுதுவதே வழக்கமாக இருந்தது. நகலுக்கு நகல் சிறு வேறுபாடு சேர்ந்து, ஓராண்டில் ஒரே தளத்தில் நான்கு விதமான மெனுக்கள் முளைத்துவிடும்.

இதற்குத் தொடக்கத்தில் கிடைத்த விடைகளில் ஒன்று ஃபிரேம். 1996இல் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 அதைப் பரவலாக்கியது. சாளரத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் மெனு நிலையாக நிற்க, இன்னொன்றில் பக்கங்கள் மாறிக்கொண்டிருக்கும். ஆனால் உள்ளே எந்தப் பக்கத்துக்குப் போனாலும் மேலே முகவரி மாறாது. குறிப்பிட்ட பக்கத்தைக் குறித்து வைக்கவோ பிறருக்கு அனுப்பவோ இயலாது. தேடுபொறி வழியாக வருபவர் மெனு இல்லாத நடுக்கட்டத்தில் மட்டும் போய் விழுவார். 2014இல் பரிந்துரையாக வெளியான ஹெச்.டி.எம்.எல்.5, பக்கத்தைப் பிரிக்கும் இந்த ஃபிரேம் முறையைக் கைவிடப்பட்ட ஒன்றாக ஒதுக்கியது. அது சரியான முடிவு.

நிலைத்து நின்ற விடை வடிவமைப்பு மென்பொருளுக்குள்ளிருந்து வந்தது. மேக்ரோமீடியா நிறுவனம் 1997 டிசம்பரில் வெளியிட்ட டிரீம்வீவர், 2005இல் அடோபியின் கைக்கு மாறியது. அதன் தொடக்கக் காலப் பதிப்புகளிலேயே வார்ப்புரு வசதி சேர்ந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் ஃபிரண்ட்பேஜ் 2003, டைனமிக் வெப் டெம்ப்ளேட் என்ற பெயரில் அதே வழியைப் பின்பற்றியது. அதற்குப் பின் வந்த எக்ஸ்பிரஷன் வெப்பிலும் அது தொடர்ந்தது. இவற்றுள் டிரீம்வீவரின் முறை மிக விரிவானது. அதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் பிடிபடும்.

டிரீம்வீவரில் வார்ப்புரு செய்வதற்கு முன் தளத்தை முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும். எந்த ஃபோல்டர் தளத்தின் வேர் என்று மென்பொருளுக்குத் தெரிந்தால்தான் எந்தப் பக்கம் எந்த வார்ப்புருவைச் சேர்ந்தது என்று அதனால் கணக்கு வைத்துக்கொள்ள முடியும். பிறகு நன்றாக அமைந்த ஒரு பக்கத்தை எடுத்து, வார்ப்புருவாகச் சேமிக்கும் கட்டளையைக் கொடுத்தால், டி.டபிள்யூ.டி. என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பு உருவாகும். வேர் ஃபோல்டருக்குள் டெம்ப்ளேட்ஸ் என்ற ஃபோல்டரை மென்பொருளே உருவாக்கி அதில் வைக்கும். அந்தக் கோப்பை அங்கிருந்து நகர்த்தக் கூடாது. அந்த ஃபோல்டரில் வேறு கோப்புகளைப் போடவும் கூடாது. வசதிக்காக இடம் மாற்றினால் அதைச் சார்ந்த பக்கங்களுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும்.

சேமித்தவுடன் வார்ப்புருவில் ஏறக்குறைய எல்லாமே பூட்டிய பகுதிதான். பக்கத் தலைப்புக்கான இடமும், தலைக்குறிக்குள் (ஹெட் டேக்) கூடுதல் வரிகளுக்கான இடமும் மட்டும் தாமாகவே திறந்திருக்கும். மற்ற இடங்களை வடிவமைப்பாளர் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து எடிட்டபிள் ரீஜன், அதாவது திருத்தத்தக்க பகுதி, என்று குறிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரே வார்ப்புருவில் ஒரு பெயரை இருமுறை வைக்க முடியாது. இந்தக் குறிகள் கோப்பில் வெறும் ஹெச்.டி.எம்.எல். கருத்துரைகளாகவே எழுதப்படுகின்றன. வார்ப்புருவில் "டெம்ப்ளேட் பிகின் எடிட்டபிள்" என்று தொடங்கும் கருத்துரை, அதிலிருந்து பிறக்கும் பக்கத்தில் "இன்ஸ்டன்ஸ் பிகின் எடிட்டபிள்" என்று மாறி நிற்கும். உலாவி கருத்துரைகளைக் கண்டுகொள்ளாது. ஆகவே படிப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பூட்டு என்பது டிரீம்வீவர் மட்டும் மதிக்கும் பூட்டு. அதே பக்கத்தை நோட்பேடில் திறந்தால் பூட்டிய பகுதியையும் தாராளமாகத் திருத்தலாம். ஆனால் அடுத்த முறை வார்ப்புருவிலிருந்து புதுப்பிக்கும்போது அந்தத் திருத்தம் சுவடு இல்லாமல் அழிந்துபோகும். அவசரத்துக்கு நோட்பேடில் மாற்றிவிட்டு, சில வாரங்களில் அது காணாமல் போனது ஏன் என்று திகைப்பவர்கள் பலர்.

திருத்தத்தக்க பகுதியைக் குறிக்கும்போது மிகுதியாக நேரும் பிழை ஒன்றைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். நடுவில் "இங்கே செய்தி வரும்" என்று ஒரு பத்தி இருக்கிறது. வடிவமைப்பாளர் அந்தச் சொற்களை மட்டும் மௌசால் இழுத்துத் தேர்ந்தெடுத்துப் பகுதியாகக் குறிக்கிறார். தேர்வுக்குள் வந்தது சொற்கள் மட்டும். அவற்றைச் சூழ்ந்திருக்கும் பத்திக் குறி வெளியே, பூட்டிய பகுதியிலேயே நின்றுவிடுகிறது. இப்போது பக்கம் எழுதுபவர் முதல் பத்தியை முடித்து என்டர் விசையைத் தட்டினால் புதிய பத்தி பிறக்காது. பட்டியலோ துணைத்தலைப்போ வைக்க முடியாது. டிரீம்வீவர் இதை எச்சரித்து ஒரு செய்தி காட்டும். படிக்காமலே அதைக் கடந்து செல்வது வழக்கமாகிவிட்டது. எழுதுபவரோ வேறு வழியின்றி வரி முறிப்புக் குறிகளைப் போட்டுப் பத்தி போலத் தோன்றச் செய்வார். பார்வைக்குப் பக்கம் சரியாகவே இருக்கும். உள்ளே மொத்தக் கட்டுரையும் ஒரே பத்தி. தேர்ந்தெடுக்கும்போது சாளரத்தின் அடியில் தெரியும் குறிவரிசையில் பத்திக் குறியையே சொடுக்கி, அதையும் பகுதிக்குள் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை எழாது. அட்டவணைக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: முழு அட்டவணையைத் திறக்கலாம், ஒரு கட்டத்தைத் திறக்கலாம், பல கட்டங்களைச் சேர்த்து ஒரே பகுதியாகத் திறக்க இயலாது.

இரண்டாவது பிழை, இணைப்பு முகவரிகளில் நேர்வது. வார்ப்புரு டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டருக்குள் இருப்பதால், அங்கிருந்து முகப்புப் பக்கத்துக்கு வழி சொல்ல ஒரு படி மேலே ஏறி வர வேண்டும். வேரிலேயே இருக்கும் பக்கத்துக்கு அந்தப் படி தேவையில்லை. துறைகளுக்கான உள் ஃபோல்டரில் இருக்கும் பக்கத்துக்கு மீண்டும் ஒரு படி தேவை. இந்தக் கணக்கை டிரீம்வீவர் தானே போட்டுக்கொள்ளும்: வார்ப்புருவில் உள்ள வழியைப் பக்கத்தின் இருப்பிடத்துக்கு ஏற்ப மாற்றி எழுதும். ஆனால் வார்ப்புருவில் உள்ள வழி முதலில் சரியாக இருந்தால்தான் அந்த மாற்றம் சரியாக வரும். முகப்புப் பக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கையால் தட்டச்சு செய்பவர், படி ஏறுவதை விட்டுவிடுகிறார்; அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் மெனு முழுவதும் முறிந்த இணைப்பாகிவிடுகிறது. ஃபோல்டர் சின்னத்தைச் சொடுக்கிக் கோப்பைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

இனி எல்லைக்கோட்டுக்கு வரலாம். பெயர், இலச்சினை, மெனு, முகவரி ஆகியவற்றைப் பூட்டுவதில் யாருக்கும் ஐயம் வராது. ஐயம் வருவது ஓரத்தில் உள்ள பகுதிகளில். துறைப் பக்கங்களில் மட்டும் வலப்புறம் ஆசிரியர் பட்டியல் வேண்டும். மற்றப் பக்கங்களில் வேண்டாம். சில பக்கங்களுக்குத் தலைப்படம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. மெனுவில் தற்போதைய பக்கத்தின் பெயர் மட்டும் வேறு நிறத்தில் தெரிய வேண்டும். இத்தகைய தேவைகளுக்காகவே 2002இல் வந்த டிரீம்வீவர் எம்.எக்ஸ். புதிய வகைப் பகுதிகளைக் கொண்டுவந்தது. விருப்பப் பகுதியை ஒவ்வொரு பக்கத்திலும் காட்டலாம், மறைக்கலாம். மீள்வரும் பகுதியில் எழுதுபவர் கூட்டல் குறியைச் சொடுக்கி வரிசைகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். அட்டவணையின் வடிவம் குலையாது. தேர்வு அட்டவணை, கட்டண விவரம் போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான வசதி இல்லை. ஒரு குறியின் பண்பை மட்டும் திறந்துவிடும் வழியும் உண்டு. உடல் குறியின் (பாடி டேக்) அடையாளப் பெயரை இப்படித் திறந்துவைத்தால், பக்கம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று அதில் எழுதலாம். மெனுவில் எந்தப் பெயரின் நிறம் மாற வேண்டும் என்பதை, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். கோப்பு பார்த்துக்கொள்ளும்.

ஒரு வார்ப்புருவிலிருந்து இன்னொரு வார்ப்புருவைப் பிறப்பிக்கவும் இயலும். கல்லூரிக்குப் பொதுவான தாய் வார்ப்புரு ஒன்று. அதன் திறந்த பகுதிக்குள் துறைகளுக்கே உரிய அமைப்பை வைத்துத் துறை வார்ப்புரு ஒன்று. தாயில் செய்த மாற்றம் துறை வார்ப்புருவிலும் அதைச் சார்ந்த பக்கங்களிலும் இறங்கும். இரண்டு அடுக்கு வரை இது நன்றாக நடக்கும். மூன்று, நான்கு என்று அடுக்கிக்கொண்டே போனால் எந்த வரி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும். தேவை தெளிவாகத் தெரிந்த பிறகே இரண்டாவது அடுக்கைச் சேர்ப்பது நல்லது.

அளவுக்கு மீறிப் பூட்டுவதும் அளவுக்கு மீறித் திறப்பதும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். எழுதுபவருக்குத் தேவையான இடம் பூட்டியிருந்தால், அவர் வார்ப்புருவிலிருந்து பிரிக்கும் கட்டளையைக் கொடுத்துவிடுவார். அந்தக் கணம் முதல் அது தனிப் பக்கம். இனி எந்தப் புதுப்பிப்பும் அதைச் சென்றடையாது. எல்லாவற்றையும் திறந்து வைத்தால், ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எழுத்துரு, நிறம், அளவு என்று திறந்த பகுதிக்குள் எழுதிக்கொண்டே போவார்கள். திறந்த பகுதிக்குள் இருப்பதை வார்ப்புரு ஒருபோதும் தொடாது. தோற்றம் பற்றிய எதுவும் அதற்குள் இருக்கக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். தோற்றம் சி.எஸ்.எஸ்.ஸுக்கு, பொது அமைப்பு வார்ப்புருவுக்கு, செய்தி மட்டும் திறந்த பகுதிக்கு என்று பிரித்துக்கொள்வதே முறை.

இந்தப் பிரிவினையின் அருமையைத் தமிழ் இணையதளங்கள் பட்டுணர்ந்தவை. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்ப் பக்கங்கள் டிஸ்கி, டேப் போன்ற குறியேற்றங்களிலோ, தளத்துக்குத் தளம் வேறுபட்ட எழுத்துருக்களிலோ எழுதப்பட்டன. பத்திதோறும் எழுத்துருவின் பெயர் குறியாகப் பதிந்திருந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரக் குறியேற்றங்களாக ஏற்றது. அதற்கு முன்பே பல தளங்கள் யூனிகோடுக்கு மாறத் தொடங்கியிருந்தன. பக்கம் எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்று உலாவிக்குச் சொல்லும் வரி தலைக்குறிக்குள், பூட்டிய பகுதியில் இருக்கிறது. வார்ப்புருவில் அந்த ஒரு வரியை மாற்றினால் எல்லாப் பக்கங்களும் தம்மை யூனிகோடு என்று அறிவிக்கும். ஆனால் திறந்த பகுதியில் உள்ள எழுத்துகள் பழைய குறியேற்றத்திலேயே கிடக்கும். திரையில் தெரிவது பொருளற்ற குறிகளின் குவியல். உள்ளடக்கத்தைத் தனியாக மாற்றி, பழைய எழுத்துருக் குறிகளைக் களைந்த பிறகே அறிவிப்பு வரியை மாற்ற வேண்டும். வரிசை முக்கியம்.

தமிழுக்கென வார்ப்புரு செய்பவர் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. கடைகளில் விற்கும் ஆயத்த வார்ப்புருக்கள் பெரும்பாலும் லத்தீன் எழுத்தில் பொருளற்ற பத்திகளை நிரப்பி வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் தமிழை ஊற்றியவுடன் மெனு இரண்டு வரியாக உடையும். ஆங்கிலத்தில் ஒரே சிறு சொல்லாக இருந்த இடத்தில் "மாணவர் சேர்க்கை" வர வேண்டியிருக்கிறது. குறுகிய பக்கப்பத்தியில் "பல்கலைக்கழகங்களுக்கிடையேயான" போன்ற நீண்ட சொல் கட்டத்தைத் தாண்டிப் போகும். மேலே வளையும் இகர, ஈகாரக் குறிகளும் கீழே இறங்கும் உகர, ஊகார வடிவங்களும் அடுத்தடுத்த வரிகளில் முட்டிக்கொள்ளும். வரி உயரத்தை எழுத்தின் அளவைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வைப்பதே வாசிக்க இதமானது. வார்ப்புருவைச் சோதிக்கும்போது உண்மையான தமிழ்ச் செய்தியை, அதுவும் மிக நீளமான தலைப்பு கொண்ட செய்தியை, இட்டுப் பார்க்க வேண்டும். இருமொழித் தளமாயின் மெனுவும் மொழிக்கு மொழி மாறுவதால் தனித்தனி வார்ப்புருக்களே வசதி. அப்போது பக்கத்தின் மொழியைச் சொல்லும் பண்பையும் அவற்றில் நிலையாக எழுதிவிடலாம். பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள், அந்தப் பண்பைப் பார்த்தே தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கிறது. பல தமிழ்த் தளங்கள் தம்மை ஆங்கிலம் என்றே அறிவித்துக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது. வார்ப்புருவில் ஒரே ஒரு திருத்தத்தில் தீரக்கூடிய குறை அது.

வார்ப்புருவைத் திருத்திச் சேமித்தவுடன், அதைச் சார்ந்த பக்கங்களின் பட்டியலைக் காட்டி அவற்றைப் புதுப்பிக்கலாமா என்று டிரீம்வீவர் கேட்கும். ஒப்புக்கொண்டால் எல்லாக் கோப்புகளும் கணினியில் மாற்றி எழுதப்படும். இங்கே பலர் மறப்பது ஒன்று உண்டு: மாற்றம் நடந்தது தம் கணினியில் மட்டுமே. சர்வருக்கு வார்ப்புரு என்பதே தெரியாது. 300 பக்கங்களையும் மீண்டும் மேலேற்றினால்தான் வாசகர் புதிய தொலைபேசி எண்ணைக் காண்பார். சார்ந்த பக்கங்களை விட்டு வார்ப்புருவை மட்டும் மேலேற்றினால் ஒரு பயனும் இல்லை.

பழைய தளத்துக்குப் புதிய வார்ப்புரு அணிவிக்கும்போது வேறொரு கேள்வி எழும். பழைய பக்கத்தின் பகுதிப் பெயர்களும் புதிய வார்ப்புருவின் பகுதிப் பெயர்களும் ஒத்துப்போனால் செய்தி தானே இடம் மாறி அமரும். ஒத்துப்போகாதபோது, எந்தச் செய்தியை எந்தப் பகுதியில் வைப்பது என்று மென்பொருள் கேட்கும். அதற்குத் தரக்கூடிய விடைகளில் ஒன்று, எங்கும் வேண்டாம் என்பது. அதைத் தேர்ந்தால் அந்தச் செய்தி பக்கத்திலிருந்து நீங்கிவிடும். பகுதிகளுக்குத் தொடக்கத்திலேயே நிலையான பெயர்களை வைத்து, எல்லா வார்ப்புருக்களிலும் அவற்றையே பயன்படுத்தினால் இந்தக் கேள்வியே வராது. எப்படியானாலும் பெரிய புதுப்பிப்புக்கு முன் தள ஃபோல்டர் முழுவதையும் நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறைக்கு மாற்றாக வளர்ந்தது, பக்கத்தைச் சர்வரிலேயே ஒன்றுசேர்க்கும் முறை. அப்பாச்சி சர்வரின் இன்க்ளூட் கட்டளையும் பி.ஹெச்.பி.யின் இன்க்ளூடும் மெனுவை ஒரே கோப்பில் வைத்து, பக்கம் கேட்கப்படும்போது சேர்த்துத் தருகின்றன. ஒரு கோப்பை மேலேற்றினால் தளம் முழுவதும் மாறிவிடும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி 2005இல் பொதுவுக்கு வந்த ஜாங்கோ, வார்ப்புரு மரபுரிமை என்ற முறையைப் பரவலாக்கியது: அடிப்படைக் கோப்பில் பெயரிட்ட கட்டங்கள் இருக்கும், சேய்க் கோப்பு தனக்கு வேண்டிய கட்டங்களை மட்டும் நிரப்பும். டிரீம்வீவரின் திருத்தத்தக்க பகுதியை அறிந்தவருக்கு இது உடனே புரியும். தமிழ் விக்கிப்பீடியாவில் வார்ப்புருக்கள் இரட்டை நெளி அடைப்புகளால் அழைக்கப்படுகின்றன. ஒன்றைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் கட்டுரைகள் அனைத்திலும் அது தெரியும்.

2003இல் தோன்றிய வேர்ட்பிரஸ் இன்று மிகப் பலரின் தேர்வு. அதில் செய்தி தரவுத்தளத்தில் இருக்கிறது; தீம் என்ற தொகுப்பில் வார்ப்புருக்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் கேட்கப்படும்போது அதற்கெனத் தேர்ந்தெடுத்த வார்ப்புரு உண்டா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் அந்தப் பக்கத்தின் பெயரிலோ எண்ணிலோ கோப்பு உண்டா என்று தேடும். அதுவும் இல்லையெனில் எல்லாப் பக்கங்களுக்குமான பொதுக் கோப்புக்கு வரும். கடைசியில் இண்டெக்ஸ் கோப்பில் முடியும். 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பு முதல், அதற்கென அமைந்த தீம்களில் வார்ப்புருவையே திரையில் கட்டங்களாக அடுக்கித் திருத்தலாம். வாங்கிய தீமின் கோப்புகளில் நேரடியாகக் கைவைப்பவர்கள், தீம் புதுப்பிக்கப்படும்போது தம் மாற்றங்களை இழக்கிறார்கள். சேய்த் தீம் ஒன்று உருவாக்கி அதில் மாற்றுவதே வழி.

எதைத் தேர்வது என்பதற்கு அளவுகோல் எளிது. ஒருவரோ இருவரோ பராமரிக்கும், எப்போதாவது மாறும் சிறு தளத்துக்கு டிரீம்வீவர் வார்ப்புரு இன்றும் போதும். தரவுத்தளம் வேண்டாம், சர்வரில் புதுப்பிக்க வேண்டிய மென்பொருளும் இல்லை. பலர் நாள்தோறும் எழுதும் தளம் என்றால் வேர்ட்பிரஸ் போன்ற அமைப்புக்கே போக வேண்டும். எதுவானாலும், கணினியைத் திறப்பதற்கு முன் பக்கத்தின் படத்தைத் தாளில் வரைந்து, பூட்டும் பகுதி எது, திறக்கும் பகுதி எது என்று கோடு போட்டு, அந்தத் தாளைப் பக்கம் எழுதப்போகிறவர்களிடம் முதலில் காட்ட வேண்டும்.